நாலாவது கட்டம்

காதுகுத்து, சீரு, கட்சிக் கூட்டம்,
இதுக்குத்தானுங்க நம்ம லைட்டு போகும்.
சத்தியமங்கலத்துல மஞ்சக் குடோனுக்கு
ஆட்டம்னு கூப்பிட்டது இதுதான் மொதத் தடவை.

செட்டு என்னங்கன்னேன்.
மருதி ஒரு ரோல் வெள்ளை டேப்பைக் கையில குடுத்தா.
எட்டடிக்கு ஆறடி. நாலு கட்டம்.
"செவுரு?"
"அதை அவங்க காலு காட்டும்."

மொதக் கட்டத்துல நஞ்சன்.
மாயாத்துக்கு அக்கட்ட ஊரு.
தேனெடுக்கப் போனவன் மேல கொம்புக் கேஸு,
கோயமுத்தூர் ஜெயில்ல பதினோரு மாசம்.
இன்னும் தினம் பத்து மணிக்கு
ஸ்டேசன்ல கையெழுத்துப் போடோணும்.
பரிசல்ல ஆத்தைத் தாண்டி, பஸ்ஸுக்கு நின்னு,
ஒரு கையெழுத்துக்கு ஒரு பகல்.
அந்த நடைதான் ஆட்டம்.
நாலு எட்டு, திரும்பு, நாலு எட்டு.
ஆறு எங்க வருதுன்னு சொல்லாமயே தெரியும்,
அங்க மட்டும் முழங்காலு கனத்துப் போகும்.

ரெண்டும் மூணும் அண்ணந்தம்பி.
அவங்க கதையைச் சொல்லல. நானுங் கேக்கல.

நாலாவது தர்மினி,
பவானிசாகர் முகாம்ல பொறந்தவ.
கடலையே பாத்ததில்ல,
கடல் தாண்டி வந்தவன்னு அட்டை வெச்சிருக்கா.
பேரு கூப்பிட்டாக் கையைத் தூக்குவா, அவ்வளவுதான் அவ ஆட்டம்.
ஆனா ஒவ்வொரு வாட்டியும்
வேற யாரோட கையோ மேல போற மாதிரி இருக்கும்.

பொறைத் தோலுக்குத் தீ காட்டோணும்.
தீக்குச்சியே ஆகாதுன்னுட்டாரு குடோன்காரரு.
ஆயிரம் வாட் ஆலஜனைக் கீழ எறக்கித்
தோலுக்குப் பக்கத்துல வெச்சேன்.
அரை மணி நேரம்.
முறுக்கேறித் தோலு டிண்ணுன்னுச்சு.
இருவது வருசத் தொழில்ல
என் வெளிச்சத்தை ஒருத்தர் காதுல கேட்டது
அன்னைக்குத்தான்.

சனிக்கிழமை ஆட்டம். வெள்ளி ராத்திரி போனு:
முகாம்ல நாளைக்குச் செக்கிங்.
ஆளு நேர்ல நிக்கோணும்.
"எத்தனை மணிக்கு முடியும் அம்மிணி?"
"அவை வந்தாத்தான் தெரியும் அண்ணா."
தள்ளி வெக்கலாம்னா
திங்கக்கிழமை நஞ்சனுக்கு வாய்தா.

"அப்ப நாலாவது லைட்டை அணைச்சுப்போடட்டுமா?"
மருதி சலங்கையைக் கட்டிட்டிருந்தா. நிமிந்து பாக்கல.
"எரியட்டும்.
அவ ஆடிட்டுத்தான் இருக்கா, அங்க."

அறுவது பேரு வந்திருந்தாங்க.
நாப்பது சேருதான் எறக்கியிருந்தேன்,
மிச்சம் பேரு மூட்டை மேல உக்காந்தாங்க.
ஆளில்லாத கட்டத்தையே ஒரு கைக்கொழந்தை
கண்ணெடுக்காமப் பாத்துட்டிருந்துச்சு.

கடைசில டேப்பைத் தாண்டி வட்டம் கட்டுவாங்க.
ஓராளு அகலத்துக்கு எடம் விட்டு ஆடுனாங்க.
வட்டம் சுத்தச் சுத்த
அந்த எடமுஞ் சுத்தி வந்துச்சு.
என் பக்கமா வாரப்பெல்லாம்
நான் ஒதுங்கி நின்னேன்.

எல்லாரும் போன பொறகு டேப்பை உரிச்சேன்.
மூணு கட்டம் காலு பட்டுக் கந்தலாக் கெடந்துச்சு.
நாலாவது ஒரே இழுப்புல வந்துச்சு,
பசை முழுக்க மஞ்சத்தூளு.
அதைச் சுருட்டி வயர் பெட்டிக்குள்ள வெக்கறேன், போனு.

"லைட் எரிஞ்சதோ அண்ணா?"
எரிஞ்சுது அம்மிணின்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.
பின்னால யாரோ வரிசையாப் பேரு படிச்சிட்டிருந்தாங்க.
"இப்ப?"
கையை வெச்சுப் பாத்தேன் கண்ணாடி மேல.
இன்னும் ஆறலன்னேன்.