ஒன்பதாம் பாடத்துக்கு முன்

பம்பலப்பிட்டி. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
செவ்வாயும் வியாழனும் வேலை விட்டு வந்து
பதினொரு பேர் ஸ்பானிஷ் படிக்கிறோம்.
கோச்சி போகும்போதெல்லாம் ஜன்னல் நடுங்கும்.
ஷெர்லீன் வாய் திறந்தபடி நிற்பா,
வினைச்சொல் பாதியில்.

"இது கொஞ்சம் விசித்திரம்" என்றா.
"மழையை நான் விரும்புகிறேன் என்று சொல்லமாட்டார்கள்.
மழை எனக்கு இனிக்கிறது என்பார்கள்.
நீங்கள் சும்மா ஓரத்தில் நிற்கிறீர்கள்."
பத்துப் பேர் நெற்றியைச் சுருக்கினார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பாருங்கள், அதுவும் எனக்கு வந்ததுதான்,
நான் போய் எடுத்ததில்லை.
பசி எனக்கு எடுக்கும், கோபம் எனக்கு வரும்.
ஐம்பத்திரண்டு வருடம் ஓரத்தில் நின்று பழகியவள்.

மே குஸ்தா. எனக்குப் பிடிக்கும்.
அளவெடுத்துத் தைத்த மாதிரி.

ஒன்றென்றால் குஸ்தா, பலவென்றால் குஸ்தான்,
அங்கேதான் இடறினேன்.
எங்கள் 'பிடிக்கும்' எண்ணிப் பார்க்காது.
ஒரு மாம்பழமோ ஒரு கடகமோ, பிடிக்கும்.
தடிமன் பிடிக்கும், பேய் பிடிக்கும்,
ஒரு காலத்தில் வெள்ளவத்தையில்
இரவு பதினொன்றரைக்கு லொட்ஜ் கதவைத் தட்டிப்
பொலிஸ் பிடிக்கும்.
இதை வகுப்பில் சொல்லவில்லை.
ஷெர்லீன் பிறந்த வருடத்தை ஒருநாள் கேட்டிருந்தேன்.

இரண்டிரண்டு பேராகக் கதைக்கச் சொன்னா.
எனக்கு வாய்த்தவர் ஜயதிஸ்ஸ.
மகன் வலென்சியாவில் சமையல்காரன்,
மூன்று வயதுப் பேத்திக்கு
ஸ்பானிஷ் மட்டும்தான் வருமாம்.
நான் கப்பல் கொம்பனிக் கணக்குப் பிரிவு.
பாதிக் கட்டணம் கந்தோர் கட்டுகிறது.

நோ மே குஸ்தா லா யூவியா, என்றார்.
மழை பிடிக்காதாம்.
ஏன் என்று கேட்க என்னிடம் சொல் இருந்தது.
பதிலுக்கு அவரிடம் இல்லை.
தலையில் இல்லாத ஒரு தொப்பியைத் தொட்டுக் காட்டினார்,
பிறகு சப்பாத்தை.
பிறகு சிங்களத்தில், மெதுவாக:
கிருலப்பனைப் பாலத்தடியில் ஆறு வருடம்.

அந்தப் பாலத்தால்தான் நான் போய் வந்தேன்.
கைப்பையைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து,
குழம்பு மணக்க மணக்க அடையாள அட்டையை நீட்டி.
எத்தனை தரம் என்று எண்ணவில்லை.

எனக்கும் ஒரு வசனம் வாய் வரைக்கும் வந்தது.
அதற்கு இறந்தகாலம் வேண்டியிருந்தது.
எங்களுக்கு அது இன்னும் படிப்பிக்கவில்லை.
ஒன்பதாம் பாடம். நாங்கள் நாலில் நிற்கிறோம்.

ஆகையால், மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ், என்றேன்.
எது என்று புருவத்தால் கேட்டார்.
கறுத்தக்கொழும்பான்.
பெயரில் கொழும்பை வைத்துக்கொண்டு
யாழ்ப்பாணத்தில் காய்க்கிற பழத்துக்கு
ஸ்பானிஷில் என்ன பெயர்?
இருவரும் தோளைக் குலுக்கினோம்.
அவருக்கும் குஸ்தாவாம்.
குஸ்தான், என்று திருத்தினேன். பழங்கள், பல.
நாக்கு நுனியைக் கடித்தபடி
கொப்பியில் ஒரு 'ன்' சேர்த்தார்.

கடைசிப் பத்து நிமிடம்.
மனிதர்களுக்குக் குஸ்தா போட்டால் காதலாகிவிடும், கவனம்.
சும்மா ஒருவரைப் பிடித்திருந்தால்
எனக்கு நன்றாக விழுகிறாய் என்பார்களாம்: மே காயெஸ் பியென்.
பிடிக்காவிட்டால், மே காயெஸ் மால்.
"பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிப் பாருங்கள்."

இரண்டில் எதை என்று அவ சொல்லவில்லை.

ஜயதிஸ்ஸ என்னைப் பார்த்தார்.
நான் மேசையில் யாரோ கீறிவிட்டுப் போன இதயத்தைப் பார்த்தேன்.
அந்த நேரம் பார்த்து மருதானைக் கோச்சி.
அவருடைய வாய் அசைந்தது.
என்னுடையதும்.

ஜன்னல் அடங்கியபின் ஷெர்லீன் கேட்டா,
சொல்லியாயிற்றா?
சொன்னேன், என்றேன் நான்.
கிவ்வா, என்றார் அவர்.
ஸ்பானிஷில் அதற்கு
இன்னும் ஐந்து பாடம் இருக்கிறது.