அனுமதிக்கப்பட்ட அளவு

எட்டாங்கட்டை டேவானில்
ஞாயிறு காலை பத்துமணிக் கூட்டம்
பதினொன்றேகாலுக்குத் தொடங்கியது.
மைக்கைப் பிடித்தவர் என்சிக் சுல்கர்னாயின்.
கோலாலம்பூரிலிருந்து வந்தவர், நல்ல மனுஷன்.
அக்குளில் வியர்வை, கையில் மஞ்சள் பெட்டி.
அவர் மலாயில் சொல்லச் சொல்ல
நான் தமிழில் சொல்லவேண்டும்.
எஸ்டேட் ஆபீஸ் சின்னக் கிராணிக்கு
அன்றைக்கு அதுதான் வேலை.

'செலாமாட்' என்றார்.
அந்தச் சொல் எங்களுக்குப் பழக்கம்.
வந்தால் செலாமாட், போனால் செலாமாட்,
பெருநாளுக்குச் செலாமாட்,
டவுன் எல்லையில் துருப்பிடித்த வளைவிலும் செலாமாட்.
பாதுகாப்பு என்றும் பொருள் உண்டு.
வாழ்த்துகிறாரா, உறுதி சொல்கிறாரா?
ஒரு கணம் தடுமாறி
"பயப்பட ஒன்றுமில்லை" என்றேன்.
அவர் அப்படிச் சொல்லவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்
மண்ணைக் கரைத்து உலோகம் எடுக்கும் தொழிற்சாலை.
மிஞ்சும் சேற்றில் கதிர்வீச்சு உண்டு,
கொஞ்சம்தான்,
அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான்.
மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்பதை
எந்தத் தமிழில் சொல்வதென்று நான் திக்கும்போது
மூன்றாம் வரிசையில் தனபாக்கியம் எழுந்தாள்.
"அனுமதி குடுத்தது யாரு தம்பி?
எங்கிட்ட யாரும் கேக்கலையே."

கூட்டம் சிரித்தது.
அவரும் சிரிக்கத் தயாராக
என் வாயைப் பார்த்தார்.
"வரம்பு பற்றி விளக்கம் கேட்கிறார்" என்றேன் மலாயில்.

அவள் உட்காரவில்லை. கையை விரித்தாள்.
பத்தொன்பது வருஷம் முதுகில் பம்பு சுமந்து
மருந்தடித்த கை.
களையைக் கொல்லும் விஷத்துக்கு
மருந்து என்றுதான் எங்களிடம் பேர்.
தண்ணி மாதிரி, ஒண்ணும் செய்யாது என்று
அப்போதும் ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார்,
அப்போதும் ஒரு கிராணி தமிழில் சொல்லியிருப்பான்.
இரண்டு விரலில்
நகம் திரும்ப முளைக்கவேயில்லை.

கையைப் பார்த்தார். குறித்துக்கொண்டார்.
"அது வேறு இலாகா" என்றார்.
அதை மட்டும்
ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன்.

அறிக்கையின் அறுபத்திரண்டு பக்கமும்
இரண்டு இரவு உட்கார்ந்து படித்தவன் நான்.
எனக்கு எட்டியவரை கணக்கு சரி.
பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வேறொரு பெட்டியோடு வந்து
அதே எண்ணைத்தான் எடுத்தார்கள்.
உண்மையாகவே இருக்கலாம்.
ஆனால் உண்மை வந்திறங்கியதும்
மருந்துக்காரன் வந்த அதே மாதிரி
வெள்ளை ஹைலக்ஸில்.

அடுத்த மாதம் டேவான் வாசலில் மின்பலகை.
சிவப்பு எழுத்தில் 0.137.
நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.
பார்த்தோம்.
மழைக்கு 0.152, வெயிலுக்கு 0.134.
பிறகு ஒருநாள் இடி விழுந்து
0.137இல் நின்றுவிட்டது, பதினொரு நாள்.
மூன்று தடவை போன் போட்டேன்.
வேறு யாரும் புகார் செய்யவில்லை.
வீரசிங்கம்தான் முதலில் எடுத்தார்.
பூஜ்யம் ஒண்ணு மூணு ஏழு,
பெரிசு ஒரு வெள்ளி.
புதன் இல்லை. சனிக்குள்
நம்பர் கடையில் ஊரே வரிசை,
தனபாக்கியமும்.

விழுந்தது. ஆறுதல் பரிசு,
வெள்ளிக்கு அறுபது.
போர்டு பொய் சொல்லாது என்று
அன்றைக்குத்தான் எட்டாங்கட்டை ஒப்புக்கொண்டது.

மறுநாள் மினிமார்க்கெட் வாசலில் அவள்,
காலடியில் நாலு பெட்டி மினரல் தண்ணீர்.
அறுபது வெள்ளியும் அதற்கே சரியாகப் போயிற்றாம்.
இரண்டு பெட்டியை என் மோட்டாரில் கட்டினேன்.
"நீ குழாத்தண்ணிதானே குடிக்கிற?"
"ஆமாக்கா."
ஒன்றும் சொல்லாமல்
கயிற்றை முடிந்துகொண்டிருந்த
என் நகங்களைப் பார்த்தாள்.