நானூற்றுப் பதினேழாம் பொட்டலம்

குத்தாய்சி நகர விதைக் கிடங்கில்
என் வேலை எண்ணுவது.
எண்ணி, ஈரத்தாளில் பரப்பி,
எத்தனைக்கு உயிர் இருக்கிறதென்று பார்ப்பது.
ஐம்பது வைத்துப் பார் என்கிறது விதிமுறை.
இந்தப் பொட்டலத்தில் இருப்பதே பதினொன்று.

உயிர் இருக்கிறதா என்று தெரியவேண்டுமானால்
எழுப்பித்தான் ஆகவேண்டும்.
எழுந்த விதையை மறுபடி தூங்கவைக்கும் தாலாட்டு
எங்கள் கிடங்கில் இல்லை.

உறையின் மேல் ஊதா மசி:
‘கொடி அவரை. கறுப்பு. லெச்குமி மலை.
மக்காச்சோளத் தட்டையில் ஏறும். விலைக்கு இல்லை.
கொடுத்தவர் ஜுஜுனா.’
அதற்குக் கீழே 1988.

அப்புறம் ஒரு நாடு உடைந்தது.
குளிர்காலத்தில் நாளுக்கு ஒரு மணி நேரம் மின்சாரம்.
உறைபெட்டி உருகித் தரையெல்லாம் தண்ணீர்.
எனக்கு முன் இருந்த தெங்கிஸ்
பொட்டலங்களை அள்ளிக்கொண்டுபோய்
வடக்குச் சன்னலில், பனிக்கு எதிரே அடுக்கினாராம்.
சம்பளம் வராத அந்தப் பதினான்கு மாதம்
அவர் வீட்டில் என்ன வெந்தது என்று
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
கோதுமையும் அவரையும் நிறைந்த அறைக்குச்
சாவி மட்டும் அவரிடம் இருந்தது.

பிப்ரவரி.
மூன்றே மூன்றை நனைத்தேன்.
நான்காம் நாள் ஒன்றில் பூஞ்சணம்.
ஆறாம் நாள் இன்னொன்று கூழ்.
ஒன்பதாம் நாள், கையெழுத்துப் போட்டு மூடப்போகையில்,
மூன்றாவதன் தோல் கிழிந்து
வெள்ளையாய் ஒரு நுனி.
வெளியே முழங்கால் ஆழப் பனி.
“தப்பான நேரத்தில் வந்திருக்கிறாய்” என்றேன்,
சத்தமாகவே.

ஊறுகாய்ச் சாடியில் மண் போட்டு
வீட்டுக்கு எடுத்துப்போனேன், கோட்டுக்குள் ஒளித்து.
என் கணவர் ஓத்தார் உடைந்த குடையின் கம்பியை நட்டார்.
அதை ஒரே வாரத்தில் தாண்டித்
திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டது.
மே மாதம் பால்கனிக்கு மாற்றினோம்.
ஜூலையில் மாடிவீட்டுக்காரி
தன் துணிக்கொடியில் அவரை பூத்திருப்பதாகச்
சண்டைக்கு வந்தாள். அப்புறம் தினமும் தண்ணீர் ஊற்றினாள்.
அக்டோபரில் நெற்றுகளை உடைத்தேன்.
நாற்பத்து மூன்று.
கறுப்பு; ஒரு பக்கம் மட்டும்
தேன் சொட்டியதுபோல் மஞ்சள்.

இருபதைத் துணியில் முடிந்துகொண்டு பேருந்து ஏறினேன்.
கொடுத்தவளிடம் திருப்பிக் கொடுக்க நினைப்பு.
ஜுஜுனா இல்லை. மருமகள் மக்வாலா
பன்றிக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள்.
உள்ளங்கையை ஒரு பார்வை பார்த்தாள்.
“அட, இந்தக் கல்லா!
மூன்று மணி நேரம் வேகும் தெரியுமா?
விறகு பிளப்பது யார்?
கிழவியைப் புதைத்த வருஷமே விட்டுத்தொலைத்தோம்.
கடை அவரை நாற்பது நிமிஷம்.”
நான் முடிச்சைக் கட்டப்போனேன்.
“ஆறு மட்டும் கொடு,” என்றாள்,
“வேலியோரம் சும்மாதானே கிடக்கிறது.”

பதிவேட்டில் ‘அழிந்த காரணம்’ என்றொரு கட்டம் உண்டு.
போர், வறட்சி, பூச்சி என்று நிரப்பியே பழகிய கை.
அன்று எழுதினேன்: விறகு.

விதைக்கு வைத்ததைச் சமைக்கக்கூடாது.
எனக்கும் தெரியும்.
ஆனால் எண் தெரியும், எடை தெரியும், ஈரப்பதம் தெரியும்,
ருசி தெரியாத ஒன்றுக்கு
எவ்வளவு காலம் காவல் இருப்பது?
ஞாயிற்றுக்கிழமை
பெரிய பானையில் ஒரே ஒரு அவரையைப் போட்டேன்.
மூன்று மணி பத்து நிமிடம்.
காஸ் தீரப்போகிறது என்று ஓத்தார் இரண்டு முறை சொன்னார்.
கத்தியால் பாதியாக அறுத்துத்
தட்டில் ஆளுக்கொன்று வைத்தேன்.

மென்றார். சன்னலைப் பார்த்தார்.
“உப்புப் போட மறந்துவிட்டாய்” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து:
“இன்னொன்று போடலாமா?”

“கூடாது,” என்றேன்.
மீதி முப்பத்தாறு.
பழையதில் எட்டு, இன்னும் தூக்கத்தில்.