மூன்றாவது ஒயர்

லிங்கராஜபுரம் பாலத்தடியில்
அன்சரின் ஷெட். மணி ஏழு.
ஆம்னியின் முன்சீட்டைத் தூக்கினான்,
அதற்கடியில்தானே எஞ்சின்:
ஒரு பச்சை க்ரேயான், டாஃபி உறை,
பிப்ரவரியில் தொலைந்த என் பீரோ சாவி.

ஸ்டார்ட் செய்ததும் டீ கிளாஸ்
டூல்பாக்ஸ் மேல் நடந்தது.
"மூணு சிலிண்டர்ல ஒண்ணு சும்மா இருக்கு மேடம்.
எதுன்னு பாக்கலாம்."

முதல் ஒயரைப் பிடுங்கினான்.
வண்டிக்கு முழங்கால் மடங்கியது.
மாட்டினான். இரண்டாவது. அதே தள்ளாட்டம்.
மூன்றாவது.
ஒன்றும் ஆகவில்லை.

"எடுத்தாலும் தெரியலேன்னா
அதுதான் வேலை செய்யாதது."

போன மாதம் தங்கையின் பிரசவத்துக்கு
பத்து நாள் கோலாரில் இருந்தேன்.
திரும்பியபோது
பால் கணக்குகூடச் சரியாக இருந்தது.

பிளக்கைக் கழற்றி நகத்தால் சுரண்டினான்.
"இதுல குத்தமில்ல."
திரும்ப மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு,
பல்பை அணைத்தான்.

ஒயரின் வெடிப்பிலிருந்து
பக்கத்து இரும்புக்கு
நூலளவு நீலமாய்
டக் டக்கென்று தாவிக்கொண்டிருந்தது பொறி.

"நெருப்பு இருக்கு. போற வழியில ஒழுகுது.
ஒயர் நூத்தியெம்பது, கூலி நூறு"
என்றபடி ஸ்விட்சுக்குக் கை நீட்டினான்.

"இருங்க அன்சர்," என்றேன்.
"கொஞ்ச நேரம்."