படிவம், இரண்டாம் பக்கம்

ஐந்தாண்டில் எங்கே இருப்பீர்கள்?
மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
பேனாவை மூடிவிட்டுக் கணக்குப் பார்க்கிறேன்,
பி.காம். படித்த பாவத்துக்கு.

தை, மாசி, பங்குனி மண்டபங்கள்.
சித்திரை, வைகாசி ஊருக்கு ஊர் திருவிழா.
உசிலம்பட்டியில் மிக்ஸர் நனைந்தது வைகாசியில்தான்.
ஆடியில் ஒன்றும் கிடையாது.
ஆடியில்தான் நாங்கள் எல்லோரும்
சென்னைக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொள்வோம்.

போனவள் ஜெசிந்தா மட்டும்.
மாட்டுத்தாவணியில் நான்தான் ஏற்றிவிட்டேன்.
ஆறு மாதம் சம்பளமில்லாத ஸ்டுடியோ,
டீ வாங்குவது, கேபிள் சுருட்டுவது.
"ஒரு சுத்து உள்ள, ஒரு சுத்து வெளிய.
இல்லாட்டி முறுக்கிக்கும்டி"
நள்ளிரவில் குரல்பதிவு அனுப்பியிருந்தாள்.
அவளுக்குப் பின்னால் யாரோ சுருதி சேர்க்கிறார்கள்.
அதற்காகவே நாலு தடவை கேட்டேன்.

மேலூர்க் கல்யாணத்தில் பாக்கி நாலாயிரம்.
திருமங்கலத்தில்
"பொம்பளப் புள்ள ஒயரைத் தொடுது" என்ற
மாப்பிள்ளையின் மாமா
மைக் கீச்சிட்டதும் என்னைத்தான் தேடினார்.
இதை எந்தக் கட்டத்தில் எழுத?
அனுபவத்துக்கு ஒரு விரற்கடைதான் தந்திருக்கிறார்கள்.

பசுமலை வெயில் ஜன்னல் வழியே
மேஜைமேல் ஏறிவிட்டது.
முன்பெஞ்சில் படிவங்களை வாங்கத் தொடங்கியாயிற்று.
எழுதினேன்:
கூட்டத்தின் கடைசி நாற்காலிக்கும் பின்னால்,
மேடையைப் பார்த்தபடி.

"கம்பெனி பேர் போடும்மா" என்றார் வாங்கியவர்.
திருப்பி வாங்கி, அடியில்
என் பெயர், போன் நம்பர்,
பாதிப் பணம் முன்னாடி.