நூறிலிருந்து ஏழு

பீல் நகரத்தில் தெருவுக்குத் தெரு மணிக்கூட்டுக் கடை.
நான் கேட்டது நேரத்தை அல்ல.
"இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவென்று காட்டுமா?"
கடைக்காரர் மொரெல்
கண்ணாடிக்குப் பின்னால் பற்சக்கரம் சுழல நிற்கும்
தன் அழகிகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்,
அவர்கள் காதில் விழுந்திருக்குமோ என்பதுபோல.
பிறகு கீழ் இழுப்பறையைத் திறந்தார்.

மூன்று கறுப்புச் சதுரங்கள்.
ஒன்று என் தூக்கத்துக்குப் புள்ளி போடுமாம். வேண்டாம்.
ஒன்று விமானவோட்டிகளுக்கென்றே செய்தது.
அதன் விலைக்குச் சங்கத்துச் செஸ்னாவில்
ஐந்து மணிநேரம் பறந்துவிடலாம்.
மற்றது மலிவு, ஏழு நாள் சார்ஜ் நிற்கும்,
ஆனால் கேட்டால்தான் அளக்கும்.
கேட்க மறந்தால்?
மறதிதானே அந்த வருத்தமே.

"பதினாலு நாளுக்குள் திருப்பித் தரலாம்."
இரண்டையும் வாங்கினேன்.
மருந்துக்கடையில் ஒரு விரல் கவ்வியும்.

சனிக்கிழமை கிரென்ஹனில் இருந்து ஏறினோம்,
ரேட்டோவும் நானும்.
மூடுபனி ஆரே ஆற்றை முழுதாய் விழுங்கியிருந்தது.
பன்னிரண்டாயிரம் அடியில்
புளூம்லிசால்ப் சிகரம் சன்னலுக்கு வந்து நின்றது.
கேட்டேன்.
இடது கை சொன்னது: அசையாமல் இருங்கள்.
வலது கை சொன்னது: அசையாமல் இருங்கள்.
காற்று எங்களைச் சுளகில் போட்டுப்
புடைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் தடவை எண்கள் வந்தன.
ரேட்டோ கட்டிப் பார்த்தான்: இரண்டும் எண்பத்தொன்பது.
கவ்வியும் எண்பத்தொன்பது.
ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளைகள்.
எனக்கு
விலை கூடியது தொண்ணூற்றேழு,
மலிவானது தொண்ணூற்று நாலு,
கவ்வி தொண்ணூற்றொன்று.

"உனக்கு நல்ல நுரையீரல்" என்றான்.
எனக்கும் நம்ப ஆசையாகத்தான் இருந்தது.
மலை அவ்வளவு வெள்ளையாய் இருந்தது,
எல்லாம் அவ்வளவு நன்றாய் இருந்தது.
அதுதான் பயம்.

சிவப்பாய் ஒரு வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்று,
இரண்டையும் தோலுக்குள் அனுப்பி
திரும்பி வருவதை எண்ணுகிறது இந்தப் பெட்டி.
என் தோல் கொஞ்சத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும்.
யாருடைய மணிக்கட்டில் எண்ணப் பழகியதோ தெரியாது,
கூப்பிட்ட வரிசையில் நான் நிற்கவில்லை.
கவ்வியும் வெளிச்சம்தான்.
அந்தத் தொண்ணூற்றொன்றும்
என் முகத்துக்காகச் சொன்னதாய் இருக்கலாம்.

ஆகவே என் பழைய கருவியை எடுத்தேன்.
நூறிலிருந்து ஏழு ஏழாய், தமிழில், வாய்விட்டு.
தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
எழுபத்தொன்பது.
எழுபத்தொன்பது.
எழுபத்
சிரிப்பு வந்தது.
ரேட்டோவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை,
சிரிப்பு விளங்கியது.
கையை நெம்புக்கு நீட்டினான்,
அதற்குள் நானே மூக்கைத் தாழ்த்திவிட்டேன்.

எட்டாயிரம் அடியில் எழுபத்திரண்டு
தானாய் வந்து நாக்கில் இருந்தது.
மலையும் பழையபடி
வெறும் மலையானது.

திங்கட்கிழமை விலை கூடியதைத் திருப்பிக் கொடுத்தேன்.
"பழுதா?" என்றார் மொரெல்.
"இல்லை. ஆளைத் தெரியவில்லை."
அவருக்குப் புரிந்ததோ என்னவோ,
பணத்தை இரண்டு தரம் எண்ணித் தந்தார்.

மலிவானதை வைத்துக்கொண்டேன்.
பத்து நிமிடத்துக்கொருமுறை நடுங்க வைத்திருக்கிறேன்:
நடுங்கினால் கேட்பேன்.
முழங்காலில் கட்டும் பலகையில் பென்சிலால் எழுதியிருக்கிறது,
மூன்றைக் கழி, குறைந்தது.
அதற்குக் கீழே, பெரிதாய்:
சிரித்தால் இறங்கு.

கதவுவரை வந்த மொரெல் கேட்டார்,
"நேரத்தையாவது நம்புகிறீர்களா?"

தெருவில் நின்று, ரயில் நிலையத்து மணிக்கூட்டோடு
ஒத்துப் பார்த்தேன்.
சரியாய்த்தான் இருந்தது.