டிசம்பர் தாள்

கம்ப்ரசருக்கு வால்வு செய்கிற பெல்ஜியம் கம்பெனி
எப்போதோ அனுப்பிய காலண்டர்.
பதினொரு மாதத்தையும் யாரோ கிழித்து
வடை மடித்துவிட்டார்கள்.
டிசம்பர் மட்டும் மீட்டர் பலகைக்குப் பக்கத்தில்
அமோனியா நெடியில் மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது.
பழைய பிளெமிஷ் ஓவியம், வரைந்தவர் தெரியவில்லை
என்று அடியில் பொடி எழுத்து.

கடலூர் முதுநகர். மரைக்காயர் ஐஸ் கம்பெனி.
இரவு ஷிஃப்டில் மணிக்கொரு தரம் பிரஷர் எழுதிவிட்டு
மீதி நேரம் அந்த ஊருக்குள் போய்விடுவேன்.

வடித்த கஞ்சி நிறத்தில் வானம்.
தின்று போட்ட மீன்முள்போல மரங்கள்.
குளம் உறைந்து கிடக்க, அதன்மேல்
ஊரே இறங்கி நிற்கிறது, எறும்பளவில்.
ஒருத்தி தலையில் விறகுக்கட்டு.
ஒருவன் வழுக்கி விழுந்திருக்கிறான், தொப்பி தனியே.
பன்றியை வைக்கோல் தீயில் வாட்டுகிறார்கள்.
காக்கை மட்டும் நம்மூர்க் காக்கை.

கட்டி ஒன்றுக்கு இன்ன விலையென்று விற்கிற முதலாளி
அந்தக் குளத்தைப் பார்த்து ஒரு நாள்
பெருமூச்சு விட்டார்.

தேசிங்கு முப்பது வருஷமாய் ஐஸ் உடைக்கிறவன்.
கொக்கி முனையால் படத்தைத் தொட்டுச் சொன்னான்:
"கண்ணாடியா இருந்தா கெட்டி.
பால் பாஞ்சிருந்தா உள்ள காத்து.
இங்க பாரு, கரையோரம் பால்.
இந்தச் செவப்புக் குல்லா பையன்
அங்க போவக்கூடாது."
பையன் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறான்.
நானூறு வருஷமாய் இன்னும் நாலடி பாக்கி.

நாங்களும் அப்படித்தான் நடக்கிறோம்.
காலுக்கடியில் மரப்பலகை,
பலகைக்கடியில் உப்புத்தண்ணீர்,
அதற்குள் வரிசையாய் உறைகிற டின்கள்.

விடியுமுன் மூன்றரைக்கு அஞ்சலாட்சி வருவாள்,
அரைக் கட்டிக்கு. எப்போதும் கடன்.
கூடையில் ஐஸ் விழுகிறவரை
அவளும் படத்தைப் பார்ப்பாள்.
ஒரு நாள் கேட்டாள்:
"எல்லா வூட்லயும் பொக வருது.
இந்தக் கடேசி வூட்ல ஏன் வரல?"

பார்த்தேன். வரவில்லை.
இத்தனை நாள் பார்த்தும் பார்க்காத வீடு.
"வாசப் பனியில ஒரு காலடிகூட இல்ல பாரு."
ஊருக்குப் போயிருப்பார்கள் என்றேன்.
"போனா போன காலடி இருக்காதா?"
கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.
"இத்தினி பேரு சறுக்கி ஆடறாங்க,
ஒருத்தனும் போய்ப் பாக்கல."

மார்கழியில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
மூன்று நாள் மழை. போட்டு இறங்கவில்லை.
கட்டிகள் வாங்க ஆளின்றி அடுக்கிக் கிடந்தன.
தேசிங்கு கொக்கியைத் தலைக்கு வைத்துத் தூங்கினான்.

நாலாம் நாள் போட்டுகள் திரும்பின.
கூடைகள் வந்தன, சண்டைகள் வந்தன,
வஞ்சிரம் விலை வந்தது.
பாக்கி நோட்டைப் புரட்டியபோது
அஞ்சலாட்சிக்கு நேரே வெறும் கட்டம்.
நிமிர்ந்தேன்.
மீட்டர் பக்கத்தில் அந்தக் கடைசி வீடு.

ஷிஃப்ட் முடிந்து சைக்கிளை எடுத்தேன்.
பாலம் தாண்டி சிங்காரத்தோப்பு.
தெருவெல்லாம் குக்கர் விசில், டிவியில் பாட்டு,
வலை உதறுகிறார்கள், ஒருவன் பல் துலக்குகிறான்,
பிள்ளைகள் தேங்கிய தண்ணீரில் வழுக்கி விழுந்து சிரிக்கிறார்கள்.
கோடி வீட்டு வாசலில்
மழை தட்டிவைத்த மணல் அப்படியே இருந்தது,
கோழிக்கால்கூடப் படாமல்.

அங்கே சற்று நின்றேன்,
சட்டத்துக்கு வெளியே நிற்கிற ஆள்போல.
பிறகு மிதித்தேன்.
ஒவ்வொரு அடியும் பின்னால் தண்ணீர் ஊறி நிறைந்தது.

தட்டினேன். தட்டினேன்.
உள்ளே ஏதோ உருண்டது.
தாழ் விலக நெடுநேரம் ஆனது.

போர்வைக்குள் கண்கள் மட்டும், காய்ச்சலில் சிவந்து.
"ஐஸ் பாக்கிக்கா இம்மாந்தூரம் வந்தே?"

"ஆமா" என்றேன்.
"தீப்பெட்டி எங்க வெச்சிருக்கே?"